அடைசலும் ஆவணமும்: சமையல் குறிப்புகளை ஒழுங்கு செய்வது பற்றி

தமிழில் கத்தரிக்கோலோடு வாசிக்கப்படும் பிரதிகளில் முதலிடம் சமையல் குறிப்புக்குத்தான். கவிதையை வெட்டி வைத்தவர்களும் உண்டு. கல்யாணத்தோடு அந்தப் பழக்கம் பெரும்பாலும் நின்றுபோகும். சமையல் குறிப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. வாரப் பத்திரிகையிலிருந்து பிய்த்தது, பெண்கள் பத்திரிகையோடு இலவசமாக வந்த 'முப்பது வகை' இணைப்பு, தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதியது, கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கத்தில் எழுதியது, பிள்ளைகளின் பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த தாள்களில் எழுதியது, வங்கியோ இன்ஷூரன்ஸ்காரரோ கொடுத்து வீட்டில் ஆண் யாரும் எழுதாமல் விட்ட டைரியில் எழுதியது. இந்த டைரி தனியாகப் பார்க்க வேண்டிய பொருள். ஜனவரி ஒன்றாம் தேதியில் கோதுமை அல்வா இருக்கும், குடியரசு தினத்தில் எலுமிச்சை ஊறுகாய் இருக்கும். தேதியிட்ட ஆண் காலத்தின் மேல் தேதியில்லாத வேறொரு காலம் எழுதப்பட்டிருக்கிறது என்று இதைப் படிக்கலாம். அந்த அளவுக்குப் போகாமல், தாள் சும்மா கிடந்தது, எழுதினார்கள் என்றும் விட்டுவிடலாம்.

இந்தக் குவியல் இப்போது ஒரு 'பிரச்சினை' ஆகியிருக்கிறது. ஊர் வீடு விற்கப்படுகிறது. அம்மா மகன் வீட்டு ஒற்றை அறைக்கு வருகிறார். அடுக்குமாடி வீட்டில் பரண் என்ற இடமே கிடையாது. எனவே ஒழுங்கு பற்றிய சொல்லாடல் ஒன்று வந்து சேர்கிறது. அதன் விதிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஒரு வருஷமாகச் செய்து பார்க்காத குறிப்பைத் தூக்கிப் போடு. ஒரே பண்டத்துக்கு நாலு குறிப்பு இருந்தால் ஒன்றை வை. மிச்சத்தைச் சைவம், அசைவம், இனிப்பு, காரம் என்று வகை பிரித்து ஃபைலில் போடு. இல்லையென்றால் போனில் படம் எடுத்துக்கொண்டு தாளைப் பழைய பேப்பர்காரரிடம் கொடு. இவை முட்டாள்தனமான விதிகள் அல்ல. வீடு என்பது மனிதர்கள் புழங்குகிற இடம், கிடங்கு அல்ல. ஆனால் இந்த விதிகளுக்குள் சமையல் குறிப்பு என்றால் என்ன என்பது பற்றிய ஒரு கோட்பாடு ஒளிந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும்.

அந்தக் கோட்பாட்டின்படி குறிப்பு ஒரு கட்டளை; நிறைவேற்றப்படாத கட்டளை வீண். மானுடவியலாளர் ஜாக் கூடி 1977இல் வந்த நூலொன்றில் பட்டியல், சூத்திரம், சமையல் குறிப்பு ஆகியவற்றை எழுத்து என்ற தொழில்நுட்பம் உண்டாக்கிய வடிவங்களாகப் பார்க்கிறார். பேச்சில் யாரும் பட்டியல் போட்டுச் சமையல் சொல்வதில்லை. ஒரு பாட்டியிடம் கேட்டால், "புளியைக் கரைச்சு வச்சுக்கோ, அது கொதிக்கிறதுக்குள்ள மொளகா வறுத்துரு" என்றுதான் வரும். பொருளும் செயலும் அங்கே ஒன்றாகவே நடக்கின்றன. அச்சுதான் 'தேவையான பொருட்கள்', 'செய்முறை' என்று இரண்டாகக் கிழிக்கிறது. அடுப்பின் முன் நிற்காமலே சமையலை முழுசாகப் பார்த்துவிடலாம் என்ற மயக்கம் இந்தக் கிழிசலிலிருந்து பிறப்பது.

கையெழுத்து நோட்டு இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பல நோட்டுகளில் பொருள் பட்டியல் மட்டும்தான் இருக்கும், செய்முறை இருக்காது. எழுதியவருக்கு அது தெரியும். மறந்துபோவது அளவு மட்டும்தான். 'மி.வ. 12, தனியா 3 கை, க.ப. கொஞ்சம், வெந்தயம் கம்மி' என்ற வரியை அந்நியர் ஒருவர் சமையல் குறிப்பாக வாசிக்கவே முடியாது. யாருக்காக எழுதப்பட்டது என்பது தெரியாமல் இந்தப் பிரதிக்குப் பொருள் இல்லை. அச்சுக் குறிப்பு யாரோ ஒருவரை விளிக்கிறது. இது தன்னையே விளிக்கிறது. ஒழுங்கு செய்ய உட்காருகிறவர் முதலில் கிழித்துப் போடுவது இதைத்தான். 'முழுசா இல்ல' என்பது காரணம்.

முழுசாக இருப்பதாகத் தோன்றும் அச்சுக் குறிப்பிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 'உப்பு - தேவையான அளவு.' யாருடைய தேவை? எல்லாவற்றையும் கிராமில் சொல்லிக்கொண்டு வந்த பிரதி இந்த இடத்தில் கைவிட்டு, நாக்கு என்ற உடலுறுப்பிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடுகிறது. பதமும் அப்படித்தான். கம்பிப் பாகு, உருட்டுப் பாகு, முத்துப் பாகு என்பவற்றை வெப்பமானியில் சொல்ல முடியும். மிட்டாய்த் தொழிலில் சொல்கிறார்கள். வீட்டுக் குறிப்பு சொல்வதில்லை. விரல் நுனியில் தொட்டு இழுத்துப் பார்க்கச் சொல்கிறது. குறிப்பு என்ற சொல்லே இதற்குப் பொருத்தமானது. முழுவதையும் சொல்வதில்லை, ஜாடை காட்டுகிறது.

இனி 'ஒரு வருஷம்' என்ற அந்த விதி. இந்தச் சேகரிப்புகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: தினசரிச் சமையல் இதில் இருக்காது. சாம்பார் இருக்காது, புளிக்குழம்பு இருக்காது, மோர் இருக்காது. கைக்குத் தெரிந்ததை யாரும் தாளில் எழுதி வைப்பதில்லை. எழுதி வைக்கப்பட்டவை அந்த வீட்டின் சமையலுக்கு வெளியே இருந்தவை: முட்டை போடாத கேக், கோபி மஞ்சூரியன், பக்கத்து வீட்டு மலையாளத்தம்மா சொன்ன ஓலன், டில்லியில் இருக்கும் தங்கை எழுதி அனுப்பிய ராஜ்மா. ஒரு வீட்டுக் குறிப்புக் கட்டு அந்த வீடு என்ன சாப்பிட்டது என்பதன் ஆவணம் அல்ல, எதைச் சாப்பிட ஆசைப்பட்டது என்பதன் ஆவணம். செய்து செய்து கைக்கு வந்துவிட்ட குறிப்புக்குத் தாள் தேவையில்லை. செய்யவே செய்யாத குறிப்புக்குத் தாளை வைத்துக்கொள்ள உரிமையில்லை. இந்தத் தர்க்கத்தைக் கறாராகப் பின்பற்றினால் மிஞ்சுவது வெறும் அட்டைப்பெட்டிதான்.

இதில் ஒரு மூன்றாவது வகை உண்டு. வருஷ விதியின் கண்ணுக்கு அது படுவதே இல்லை. தீபாவளி பாதுஷா வருஷத்துக்கு ஒரு தரம். வடாம் வெயில் காலத்தில் மட்டும். ஆவக்காய் மாங்காய் வரும் சில வாரங்களில். பிரசவ லேகியமோ ஒரு குடும்பத்தில் பத்து வருஷத்துக்கு ஒரு தரம், இருபது வருஷத்துக்கு ஒரு தரம். பிள்ளை பெற்றவளுக்கான பத்தியச் சமையல் அதுபோலத்தான். நினைவு இவற்றை வைத்திருப்பதில்லை. நாட்டு மருந்துக் கடையில் நின்றுகொண்டு சுக்கு, அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி, ஓமம், சதகுப்பை என்று ஒவ்வொன்றும் எவ்வளவு என்று சொல்ல வேண்டியிருக்கிறது. தாள் தேவைப்படுவது இங்கேதான். பன்னிரண்டு மாதம் என்பது அலுவலகத்தின் காலம், வருமான வரியின் காலம். அடுக்களையின் காலங்கள் வேறு வேறு நீளம் உடையவை. எனவே எந்தக் குறிப்பையும் கழிக்குமுன் கேட்க வேண்டியது, கடைசியாக எப்போது செய்தோம் என்பதல்ல. மறுபடி தேவைப்படும் சந்தர்ப்பம் எது, அப்போது கேட்டால் சொல்ல ஆள் இருப்பாரா என்பது.

வகை பிரிப்புக்கு வருவோம். தொண்ணூறுகளில் இப்படியொரு கட்டுரை எழுதினால் போர்ஹேயின் சீனக் கலைக்களஞ்சியத்தைப் படித்து மிஷேல் ஃபூக்கோ சிரித்த சிரிப்பிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். சைவம், அசைவம் என்ற நம்முடைய ஃபைல் அட்டைகளைப் பார்த்துச் சிரிக்க அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஒரு சமயத்தின் பெயர் ஒரு வகைச் சாப்பாட்டின் பெயராகிவிட்டது. மற்றது தனக்கென்று ஒரு பெயர்கூட இல்லாமல் 'அ' என்ற எதிர்மறை முன்னொட்டில் தொங்குகிறது. மீன், கோழி, ஆடு, மாடு, நண்டு, கருவாடு, முட்டை என்று தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்கள் சாப்பிடுகிற அத்தனையும் 'அது அல்லாதது' என்ற ஒற்றை அட்டைக்குள் அடங்குகிறது. யாழ்ப்பாணத்தில் 'மச்சம்' என்பார்கள். அங்கேயும் எதிர்ப்பக்கம் 'சைவம்'தான் என்றாலும் இதற்கு ஒரு பெயர்ச்சொல்லாவது கிடைத்திருக்கிறது. இங்கே 'கவிச்சி' என்ற சொல் இருக்கிறது. அதைச் சொல்லும்போதே மூக்கைச் சுளிக்கும் குரல் ஒன்று கூடவே வருகிறது.

அடுத்து 'கறி'. அகராதி வரிசையில் க-வில் போட்டுவிடலாம் என்றால், யாருடைய கறி? பிராமண வீட்டு நோட்டில் வாழைக்காய்க் கறி என்றால் எண்ணெயில் வதக்கிய காய். மதுரைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை 'கறி எடுக்கணும்' என்றால் ஆட்டுக்கறி. யாழ்ப்பாணத்தில் கறி என்பது காயிலும் ஆகும், மீனிலும் ஆகும். குழம்புக்கும் அதே கதை. தமிழ் முஸ்லிம் வீடுகளில் 'ஆணம்'. ஐயங்கார் வீட்டில் ரசம் 'சாத்தமுது', பாயசம் 'திருக்கண்ணமுது'. பெண்கள் பத்திரிகைக்கு வாசகியொருவர் 'ஆணம்' என்று எழுதி அனுப்பினால் அச்சில் அது 'குழம்பு' என்று வரச் சாத்தியம் அதிகம். ஃபைலில் 'குழம்பு வகைகள்' என்று அட்டை ஒட்டும்போது அதே வேலையை நம் வீட்டில் நாமே செய்கிறோம். வகைப்பாடு யாருக்கும் வலிக்காமல் பெயரைத் தின்கிறது.

அர்ஜுன் அப்பாதுரை 1988இல் எழுதிய கட்டுரையொன்று, ஆங்கிலத்தில் வந்த இந்தியச் சமையல் புத்தகங்களை வைத்து, நகர்ப்புற மத்தியதர வர்க்கப் பெண்கள் எப்படி ஒரு 'தேசிய' சமையலை உருவாக்கினார்கள் என்று காட்டியது. மாற்றலாகி வந்த உத்தியோகஸ்தர் குடும்பங்கள், பக்கத்து வீட்டு வேறு மொழிக்காரி, இரண்டு பேரும் மாற்றிக்கொண்ட குறிப்புகள். நம் டைரியில் இருக்கிற ஓலனும் ராஜ்மாவும் அந்த வரலாற்றின் கீழ்மட்டச் சாட்சியங்கள். இந்தப் பரிமாற்றத்தில் சில எல்லைகள் தாண்டப்பட்டன, சில தாண்டப்படவில்லை என்பதையும் அவை காட்டுகின்றன. மாநில எல்லை தாண்டப்பட்டது. ஊருக்குள் சேரிக்கும் தெருவுக்கும் நடுவே இருந்த எல்லை நோட்டில் தாண்டப்படவே இல்லை. டில்லி ராஜ்மா இருக்கும். தெரு முனையில் இருந்தவர்கள் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பது இருக்காது. மாட்டுக்கறி வற்றல் எப்படிப் போடுவது என்று எந்த வாரப் பத்திரிகை இணைப்பும் சொல்லித் தரவில்லை. நான் பார்த்த நோட்டுகளில், வாரம் தவறாமல் கறியும் மீனும் சமைத்த வீட்டு நோட்டுகள் உட்பட, பெரும்பகுதி சைவம்தான். இறைச்சி கைவழியாகக் கற்றுக்கொள்ளப்பட்டது, காய்கறிப் பண்டம் அச்சுவழியாக வந்தது என்று ஒரு காரணம் சொல்லலாம். எழுதி வைக்கத் தகுந்தது எது என்ற முடிவை அச்சு முன்னமே எடுத்துவிட்டது என்றும் சொல்லலாம். மராத்தியில் சாகு பாட்டோலே 2015இல் எழுதிய நூல் மராத்வாடா தலித் சமையலைச் சாதி அடக்குமுறையின் வரலாறாகவே எழுதியது. அதற்கு முன் 2009இல் புனே பல்கலைக்கழகத்தில் ஷர்மிளா ரேகேயும் மாணவர்களும் தலித் உணவு நினைவுகளைத் திரட்டியிருந்தார்கள். இங்கெல்லாம் எழுத்து ஆரம்பிப்பது வீட்டில் நோட்டு இருந்ததால் அல்ல, இல்லாததால். தாள் சேர்ந்து இடத்தை அடைப்பது என்பதே ஒரு சாதி, வர்க்க வசதி. அதையும் சேர்த்துத்தான் இந்த அட்டைப்பெட்டியைப் பார்க்க வேண்டும்.

எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வந்தது. சின்ன வயதில் கணவனை இழந்தவர். விதவையின் சாப்பாட்டுக்கு அவருடைய சமூகம் என்னென்ன தடை போட்டு வைத்திருந்தது என்பது தெரிந்ததே. அப்படிப்பட்ட இடத்திலிருந்து, புதிதாகக் குடித்தனம் வைக்கிற பெண்களுக்குப் பாகம் பாகமாக முழுச் சமையலையும் அவர் எழுதினார். கல்யாணச் சீர்வரிசையில் வைத்துக் கொடுத்தார்கள். விமானம் ஏறிய மகள்கள் பெட்டியில் எடுத்துப் போனார்கள். மாமியாரிடம் கேட்காமலே சமைக்கலாம் என்ற சுதந்திரத்தை அந்தப் புத்தகம் கொடுத்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு சாதியின் அடுக்களையைத் 'தென்னிந்தியச் சமையல்' என்ற பொதுப்பெயரில் நிலைநிறுத்தியதில் அதற்குப் பங்கு உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டில் ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்குவது நேர்மையாகாது.

அந்தத் தலைமுறையின் குறிப்புகள் பழைய அளவையில் இருக்கும். ஆழாக்கு, படி, பலம், ரூபாய் எடை. எடை, அளவைகளுக்கு மெட்ரிக் முறையைக் கொண்டுவந்த சட்டம் 1956இல் வந்தது. அடுக்களைக்கு அது வந்துசேர இன்னும் பல வருஷம் ஆயிற்று. சுத்தப் பிரதி எடுக்கிறேன் என்று உட்காருகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இது. பலம் ஏறக்குறைய 35 கிராம். 'ஒரு ரூபாய் எடை' என்பது பழைய வெள்ளி ரூபாயின் எடை, ஒரு தோலா, சுமார் 11.7 கிராம், இன்றைய நாணயத்தைத் தராசில் வைத்துப் பார்த்தால் லேகியம் வேறாகிவிடும். ஆழாக்கு என்பது படியில் எட்டில் ஒன்று, ஆனால் எந்தப் படி? பட்டணம் படியா, சின்னப்படியா? ஊர் தெரிந்தால்தான் அளவு தெரியும். பிற்பாடு எழுதப்பட்ட நோட்டுகளில் எல்லாமே 'டம்ளர்'. அது அந்த வீட்டு டம்ளர், ஓரம் நெளிந்த அந்தக் குறிப்பிட்ட எவர்சில்வர் டம்ளர். நோட்டைப் பத்திரப்படுத்திவிட்டு டம்ளரைப் பழைய பாத்திரத்துக்குப் போட்டுவிட்டால் பிரதி குருடாகிவிடும். போடத்தான் வேண்டும் என்றால், போடுமுன் அதில் தண்ணீர் பிடித்து அளந்து, எத்தனை மில்லி என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடலாம். அரை நிமிஷ வேலை.

யார் ஒழுங்கு செய்கிறார்கள்? இதுதான் மையமான கேள்வி. சென்ற ஆண்டு ஒரு வீட்டில் இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமியார் கட்டிலில். மருமகள் தரையில், சுற்றிலும் தாள்கள்.

"அத்தை, இது ஒட்டடை மாதிரி ஆயிருச்சு, தொட்டாலே உதிருது. போட்டுரவா?"

"என்னது அது?"

"மைசூர்பாகு. நீங்க இப்ப செய்றதே இல்லையே."

"செய்யலதான். அது உங்க மாமாவோட அக்கா எழுதிக் குடுத்தது. அவங்க கையெழுத்து வேற எதுலயும் இல்ல."

"அப்ப வச்சுக்கலாமா?"

"நான் சொன்னா நீ வைப்ப. எனக்கப்பறம் நீ என்ன பண்ணுவியோ பண்ணு, இப்ப எதுக்குக் கேக்குற?"

மருமகள் பேசாமல் அதை ஓரமாக வைத்தார். அதற்கு ஒரு குவியல் இல்லை. வைக்கவும் இல்லை, கழிக்கவும் இல்லை. அது சமையல் குறிப்பும் இல்லை, கடிதமும் இல்லை. எழுதிய பெண்மணி உயிரோடு இல்லை. பள்ளிக்கூடத்தில் கொஞ்சக் காலம் படித்தவர் வாழ்நாளில் எழுதியதில் மிஞ்சியது ஒரு மைசூர்பாகு என்றால், அந்தத் தாளுக்கு 'கடைசியாக எப்போது செய்தீர்கள்' என்ற கேள்வி என்ன பதில் வைத்திருக்கிறது? நம் பாட்டிகளில் எத்தனையோ பேருடைய கையெழுத்து மிஞ்சியிருப்பது பால் கணக்கிலும் சமையல் குறிப்பிலும்தான்.

ழாக் தெரிதா 1994இல் லண்டனில் ஆற்றிய உரையில் ஆவணக் காப்பகம் என்ற சொல்லின் வேரைத் தோண்டுகிறார். பழைய கிரேக்கத்தில் அது ஒரு வீடு; அதிகாரம் படைத்தவர்களின் வீடு. ஆவணம் அங்கே வைக்கப்பட்டது. அதை வியாக்கியானம் செய்யும் உரிமையும் அந்த வீட்டுக்காரர்களுக்கே இருந்தது. நம் விஷயத்தில் வீடு இருக்கிறது, ஆவணமும் இருக்கிறது. ஆனால் ஆவணத்தைச் சேர்த்தவர் அந்த வீட்டின் அதிகாரி அல்ல. பட்டா, பத்திரம், மார்க் ஷீட் பீரோவுக்குள் பூட்டப்படுகின்றன. அவை செல்லரித்துப் போனாலும் யாரும் 'அடைசல்' என்று சொல்வதில்லை. அடுக்களை அலமாரியின் மேல் தட்டில் இருப்பது அடைசல்.

கோட்டையூர் ரோஜா முத்தையா பழைய புத்தகம், நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று வீடு நிறையச் சேர்த்தவர். 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. சென்னையில் 1994இல் தொடங்கிய ஆராய்ச்சி நூலகத்துக்கு அதுதான் அடித்தளம். தமிழ் அச்சு வரலாற்றைப் பேச வருகிறவர்கள் அங்கே போகாமல் முடியாது. அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. அதே காலத்தில் எத்தனை பெண்கள் அதே பிடிவாதத்தோடு தாள் சேர்த்தார்கள் என்பதையும் அவர்களுடைய பிடிவாதத்துக்கு வீடு வைத்த பெயர் என்ன என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான். ஆணின் அடைசல் நூலகம் ஆகச் சாத்தியம் உண்டு.

ஜப்பானின் மாரி கோண்டோ, 2011க்குப் பிறகு உலகம் முழுக்க விற்ற தன் புத்தகத்தில், காகிதத்தைப் பொறுத்தவரை தயவு தாட்சண்யம் காட்டுவதில்லை: எல்லாவற்றையும் போட்டுவிடு என்பதே பொது விதி. ஆனால் காதல் கடிதமும் டைரியும் அந்த விதிக்குள் வரா. அவை நினைவுப்பொருள், கடைசியாகப் பார்க்க வேண்டியவை. புத்திசாலித்தனமான பாகுபாடுதான். நம் இன்ஷூரன்ஸ் டைரி இந்த இரண்டில் எது என்பதை அது சொல்வதில்லை. அப்பறம் 'மனசுக்குச் சந்தோஷம் தருகிறதா' என்ற அவருடைய அளவுகோல். மாமியார் கொடுமைக்கு நடுவே எழுதிய குறிப்பு சந்தோஷம் தராது. தராததாலேயே அது கழிக்கத் தக்கது ஆகிவிடுமா?

நாஜிகளின் தெரெசின் முகாமில் பட்டினி கிடந்த யூதப் பெண்கள் நினைவிலிருந்து சமையல் குறிப்புகளை எழுதினார்கள். மினா பெக்தர் என்ற பெண்மணி 1944இல் அங்கேயே இறந்தார். அவர் மகளுக்குச் சேர்க்கச் சொல்லிவிட்டுப் போன அந்தக் கையெழுத்துக் கட்டு கைமாறிக் கைமாறி நியூயார்க்கில் இருந்த மகளிடம் வந்துசேர 1969 ஆயிற்று. 1996இல் காரா டி சில்வா பதிப்பித்தார். சில குறிப்புகளில் முக்கியமான பொருளே விட்டுப்போயிருக்கிறது, சிலவற்றில் செய்முறை முன்பின்னாகக் குழம்பியிருக்கிறது. கட்டளை என்று பார்த்தால் அவை பிழையான கட்டளைகள். உருளைக்கிழங்குத் தோலுக்கு அலைந்த இடத்தில் வெண்ணெயையும் முட்டையையும் வால்நட்டையும் எழுதியவர்கள் யாருக்கும் கட்டளையிடவில்லை. நம் டைரியை இதோடு ஒப்பிடுவது அபத்தம், ஒப்பிடவில்லை. சமையல் குறிப்பு என்ற வடிவத்துக்குள் சமையல் அல்லாத எவ்வளவு இடமுண்டு என்பதை அந்த உச்சத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது.

இதெல்லாம் சொன்னதால் எதையும் கழிக்கவே கூடாது என்று அர்த்தமில்லை. அந்த ஏக்கப் புராணத்தில் எனக்கு ஈடுபாடு இல்லை. குவியலில் முக்கால்வாசி வெறும் சரக்கு. பத்திரிகை விற்க இலவசமாக வந்த இணைப்பு, மிக்ஸி கம்பெனி கொடுத்த புத்தகம், மசாலாப் பொட்டலத்தின் பின்பக்கம். கைபடாத அச்சுத்தாளைத் தாராளமாகப் பழைய பேப்பருக்குப் போடலாம். அது பத்தாயிரம் பிரதி அடித்தது, இன்னொரு வீட்டிலோ நூலகத்திலோ இருக்கும். கை பட்டது வேறு. ஓரத்தில் 'சர்க்கரை அதிகம், முக்கால் போதும்' என்று எழுதியிருந்தால், 'சரோ சொன்னது' என்று இருந்தால், 'நல்லா வரல' என்று அடித்திருந்தால், எண்ணெய்க் கறை இருந்தால், அந்த அச்சுத்தாள் ஒரே பிரதி ஆகிவிட்டது. பிரிக்க வேண்டிய கோடு சைவத்துக்கும் அசைவத்துக்கும் நடுவே அல்ல, கை பட்டதற்கும் படாததற்கும் நடுவே. தாளின் மறுபக்கத்தையும் ஒரு தரம் பார்ப்பது நல்லது. தொடர்கதையின் பாதி முகமோ, நின்றுபோன சோப்பு விளம்பரமோ இருக்கும். அதற்காக வைக்கச் சொல்லவில்லை, பார்க்கச் சொல்கிறேன்.

இனி வைத்ததை எப்படி அடுக்குவது. நோட்டைப் பிரித்து, தாள் தாளாக வகைப்படுத்தி, பிளாஸ்டிக் உறையில் போடும் வேலையை நான் ஏற்கவில்லை. ஆவணக் காப்பகத்தாருக்கு 1841இல் பிரான்சில் பிறந்த ஒரு கோட்பாடு உண்டு: ஓரிடத்திலிருந்து வந்தவற்றை ஒன்றாகவே வை, பொருள்வாரியாகக் கலைக்காதே. உள்வரிசையையும் குலைக்காதே என்பது அதிலிருந்து பிற்பாடு வளர்ந்தது. அதை அடுக்களைக்குக் கொண்டுவரலாம். அல்வாவுக்கு அடுத்து ஏன் பத்தியக் குழம்பு இருக்கிறது என்றால் அந்த மாசம் மகளுக்குப் பிரசவம். வகை பிரித்தால் இந்தத் தகவல் செத்துப்போகும். அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியது எளிது. எல்லாப் பக்கத்துக்கும் பென்சிலில் எண் போடு. உதிரித் தாளுக்குத் தொடர்ந்து எண் போடு. கடைசியில் நாலு பக்கம் சேர்த்து ஒரு சொல்லடைவு எழுது. ஃபைலில் ஒரு தாள் ஒரே இடத்தில்தான் இருக்க முடியும். சொல்லடைவில் ஒரே குறிப்பு 'ஆணம்' என்றும் இருக்கலாம், 'குழம்பு' என்றும் இருக்கலாம், 'மீன்' என்றும் இருக்கலாம், 'நாகூர்ச் சித்தி சொன்னது' என்றும் இருக்கலாம். கறி யாருடைய கறி என்று தீர்ப்புச் சொல்லாமலே தேட முடியும். அதைத் தயாரிக்க, எழுதியவரே பக்கத்தில் உட்கார்ந்து பெயர் சொல்ல வேண்டும். அவர் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. கழிக்கிற வேலையை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

போனில் படம் எடுப்பது பற்றி அதிகம் சொல்ல இல்லை. எடுக்கலாம். ஆனால் அங்கேயும் ஐந்நூறு ஸ்கிரீன்ஷாட்டும் நூறு வாட்ஸ்அப் வீடியோவும் பெயரில்லாமல் கிடக்கின்றன. அடைசல் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. எண்ணும் பெயரும் இல்லாத படத்தைத் தேடி எடுப்பது பரணிலிருந்து எடுப்பதைவிடச் சிரமம். போன் மாறும்போது போயும் விடும்.

பத்திரிகைத் தாள் பழுப்பேறி உதிர்வது மரக்கூழில் இருக்கும் லிக்னின் என்ற பொருளால். வெளிச்சமும் காற்றும் பட்டால் இன்னும் வேகமாக நடக்கும். நல்ல தாளில் நகல் எடுத்து அடுக்களைக்கு அதை வைத்துக்கொண்டு, மூலத்தை இருட்டில், காகித உறையில் போடுவது நல்லது. லாமினேஷன் மட்டும் போட வேண்டாம். கடைக்காரர் ரொம்ப நாள் வரும் என்பார். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. ஓரத்தில் இன்னொரு வரி எழுதவும் முடியாது.